இடம் பிடித்தவருக்கும் ஊர்வலம் தெரிய வேண்டும்

உல்லாசப் பூங்காவுக்குப் போய் வந்தவர்கள் அங்கு நடக்கும் ஊர்வலத்தைப் பற்றிச் சொல்லும்போது மின்விளக்குகளைச் சொல்வார்கள். இசையைச் சொல்வார்கள். அலங்கார ஊர்திகளையும் அவற்றின் மேலிருந்து கையசைப்பவர்களையும் சொல்வார்கள். அந்த ஊர்வலம் வருவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே தரையில் விரிப்பைப் போட்டுக் குந்தியிருந்தவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நான் அவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இடம் பிடிப்பதிலும் ஒரு நீதி இருக்கிறது. அந்த நீதி அந்நியர்களுக்கு இடையில் மட்டும் இருந்தால் போதாது, ஒரே விரிப்பில் இருக்கும் ஒரே குடும்பத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கடந்த டிசம்பர் விடுமுறையில் சாச்சாவின் அழைப்பின் பேரில் நாங்கள் குடும்பத்தோடு ஜப்பானுக்குப் போனோம், அல்ஹம்துலில்லாஹ். சாச்சா அங்கே பாவித்த வாகனங்களை ஏற்றுமதி செய்யும் தொழிலில் இருக்கிறார். ஒரு நாளை டோக்கியோ டிஸ்னிலேண்டுக்கு என்று ஒதுக்கினார். பெயரில்தான் டோக்கியோ இருக்கிறது. பூங்கா இருப்பது பக்கத்திலுள்ள சிபா மாகாணத்தின் உராயசு என்ற நகரில், டோக்கியோ விரிகுடாவை நிரப்பி எடுத்த நிலத்தில். 1983 ஏப்ரல் 15ஆம் திகதி திறக்கப்பட்ட இது, அமெரிக்காவுக்கு வெளியே கட்டப்பட்ட முதலாவது டிஸ்னி பூங்கா. அங்கே இரவில் வரும் மின்விளக்கு ஊர்வலத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1972இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஊர்வலம் 1985இல் டோக்கியோவுக்கு வந்தது. இப்போது நடப்பது 2001இல் தொடங்கிய 'ட்ரீம்லைட்ஸ்'. முழுவதும் கடந்து முடிய முக்கால் மணித்தியாலம் வரை எடுக்கும்.

அங்கே இடம் பிடிப்பதற்கென்றே ஒழுங்குகள் வைத்திருக்கிறார்கள். ஊர்வலம் தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போதுதான் விரிப்பைப் போடலாம். விரிப்பையோ பையையோ மட்டும் வைத்துவிட்டுப் போக முடியாது, ஆள் இருக்க வேண்டும். முன் வரிசைகளில் இருப்பவர்கள் கடைசி வரை நிலத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். பிள்ளையைத் தோளில் தூக்கி வைக்கக் கூடாது. செல்ஃபி குச்சி, முக்காலி எதுவும் ஆகாது. தொலைபேசியைத் தலைக்கு மேலே உயர்த்திப் படமெடுக்கவும் கூடாது. அந்தப் பூங்காவில் பெரியவர்கள்கூட எலிக் காதுகளைத் தலையில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஊர்வலம் வரும்போது அவற்றையும் கழற்றிவிடும்படி கேட்கிறார்கள். (எங்கள் ஹிஜாபுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை. அது பின்னால் இருப்பவர் யாரையும் மறைப்பதில்லை.)

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது உட்காரும் ஒழுங்கு. முதல் வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நின்றால் ஊர்வலம் அந்த ஒரு வரிசைக்குத்தான். முன்னாலுள்ள நான்கு வரிசைகளும் உட்கார்ந்தால் ஐந்தாம் வரிசையில் நிற்கும் சிறு பிள்ளைக்கும் அது தெரியும். என்னைப் போல உயரம் குறைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பது காலைக் கூட்டத்தில் பின் வரிசையில் நின்றவர்களுக்கு விளங்கும். முன்னால் இருப்பவர் கால் மரத்துப்போகும் கஷ்டத்தை ஏற்றுக்கொள்கிறார். அதற்குப் பகரமாகப் பின்னால் இருக்கும் பத்துப் பேர் பார்க்கிறார்கள்.

ஆள் இருந்தாக வேண்டும் என்ற ஒழுங்கு எங்களுக்குக் கொஞ்சம் புதிது. நாங்கள் பொருளை வைத்து இடம் பிடித்துப் பழகியவர்கள். பஸ் ஜன்னலால் லேஞ்சியைப் போட்டு ஆசனம் பிடிப்போம். பரிசளிப்பு விழாவில் ஒரு கைப்பை ஐந்து கதிரைகளைக் காவல் காக்கும். 2022இல் வெறும் எரிவாயு சிலிண்டர்களை வீதியோரத்தில் வரிசையாக வைத்து, ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எரிபொருள் வரிசையில் நின்றபடியே உயிரை விட்டவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். நிற்க முடியாத இடத்தில் சிலிண்டர் நின்றது, அவ்வளவுதான். ஆனால் ஊர்வலம் அப்படிப்பட்ட தேவை அல்ல. அது ஒரு சந்தோசம். சந்தோசத்துக்காகப் பத்துப் பேருக்குரிய இடத்தை ஒரு துணியால் மூடிவிட்டு மூன்று மணித்தியாலம் ஊர் சுற்றப் போவது அநியாயம். அந்த வகையில் பூங்காவின் ஒழுங்கு சரியானது.

ஆனால் அது ஒரு கேள்வியைக் குடும்பத்திடம் விட்டுவிடுகிறது. ஆள் இருக்க வேண்டும் என்றால், அந்த ஆள் யார்?

அதற்குப் போவதற்கு முன், இடத்தைத் தெரிவு செய்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போகப் போகிற வாசகிகளுக்கு உதவும். டோக்கியோவில் ஊர்வலம் நுழைவாயிலுக்குப் பக்கத்திலுள்ள கடைத்தெருவுக்கு வருவதே இல்லை. பேய் மாளிகை இருக்கும் பக்கத்திலிருந்து புறப்பட்டு, சின்ட்ரெல்லா கோட்டையின் முன்னாலுள்ள வெளியைச் சுற்றி, மறுபக்கத்தில் டூன்டவுன் என்ற பகுதியில் போய் முடிகிறது. எல்லோரும் கோட்டை பின்னணியில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதால் நடுவில்தான் நெருக்கம். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அவ்வளவு சனம் இல்லை. தொடங்கும் இடத்தில் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு: ஊர்வலம் உங்களை முதலில் கடந்துவிடும், மற்றவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் எழுந்து போகலாம். புளோரிடாவிலுள்ள மேஜிக் கிங்டத்திலும் இதே கதைதான். அங்கே பகல் ஊர்வலம் ஃப்ரொண்டியர்லேண்ட் பகுதியில் தொடங்கி மெயின் ஸ்ட்ரீட்டில் முடிகிறது. சனம் குவிவது மெயின் ஸ்ட்ரீட்டில்.

பாதை வளையும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். நேரான பாதையில் ஊர்தியின் ஒரு பக்கம்தான் தெரியும். வளைவில் அது முகத்தைக் காட்டிக்கொண்டு உங்களை நோக்கி வரும். பகல் ஊர்வலம் என்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். விளக்குக் கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் கவனியுங்கள். உட்காரும்போது தொந்தரவாகத் தெரியாத கம்பம், ஊர்வலம் வந்த பிறகு சரியாக நடுவில் நிற்கும். கழிவறை தூரமாக இருந்தால் அந்த இடம் சிறு பிள்ளைகளோடு வந்தவர்களுக்குச் சரிவராது. இரவு ஊர்வலத்தின் ஊர்திகள் உயரமானவை, ஆகவே பின்னால் நின்றாலும் அவை தெரியும். தெரியாமல் போவது அவற்றுக்கு நடுவில் நடந்து வரும் நடனக்காரர்கள். பிள்ளைகளைப் பார்த்துத் தனித்தனியாகக் கையசைப்பவர்களும் அவர்கள்தான். டிசம்பர் மாதத்தில் தரை பனிக்கட்டி போல இருக்கும் என்பதால் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் போதாது, கீழே ஒரு காட்போட் மட்டையாவது வேண்டும். இதை எங்களுக்குச் சொல்லித் தந்தது சாச்சி.

இனி அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வருகிறேன்.

எங்கள் விரிப்பில் உம்மாவும் நானும் இருந்தோம். சாச்சி கைக்குழந்தையோடு வந்து வந்து போனார். வாப்பாவும் சாச்சாவும் நானாவும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சவாரிகளுக்குப் போயிருந்தார்கள். எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் சுற்றியிருந்த விரிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டியை ஒரு கையால் ஆட்டியபடி ஒரு தாய். பத்து மேலங்கிகளுக்கு நடுவில் ஒரு பாட்டி, தேநீர்க் குடுவையுடன். இரண்டு பைகளுக்கு மேல் கைகளை வைத்துக்கொண்டு தூங்கி விழும் இன்னொரு தாய். பெரிய கமராவோடு தனியாக வந்த இளைஞர்களும் இருந்தார்கள், சோடியாக வந்தவர்களும் இருந்தார்கள், குழந்தையை மடியில் கிடத்தியிருந்த ஒரு தகப்பனையும் கண்டேன். ஆனால் குடும்பமாக வந்தவர்களின் விரிப்புகளில் காவலுக்கு இருந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார். அவர்களுடைய மொழியில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. என்றாலும் அந்த முகங்களை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் டியூஷன் வகுப்பு வாசலில் நிற்கும் உம்மாமாரின் முகம் அது.

டிசம்பரில் அங்கே சூரியன் நாலரை மணியளவில் மறைந்துவிடும். மஃரிபுடைய நேரம் குறுகியது. ஒவ்வொருவராக வந்து, சனம் குறைந்த ஒரு மூலைக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தார்கள். தொழுது முடித்தவர்கள் நேரே அடுத்த சவாரிக்குப் போனார்கள். உம்மா கடைசியாகப் போனார். அதுவும் நான் விரிப்பில் இருந்தபடியால்தான் போக முடிந்தது. திரும்பி வந்து மறுபடியும் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். கடல் பக்கத்திலிருந்து வந்த காற்று முகத்தை வெட்டியது.

ஊர்வலம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லோரும் பொப்கோன் வாளியோடு வந்து சேர்ந்தார்கள். அப்போது நடந்ததை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் உம்மாவை எழும்பச் சொல்லவில்லை. அவராகவே எழும்பினார். "நீங்க முன்னுக்கு இருங்க மகன், எனக்கு இங்கேருந்தே தெரியுது" என்று நானாவிடம் சொல்லிவிட்டு, விரிப்பின் கடைசி மூலையில் பைகளோடு போய் இருந்தார். நானா இருந்தார். ஐந்தடி பத்தங்குலம் உயரமான நானா. அதற்குப் பிறகு உம்மாவுக்குத் தெரிந்தது நானாவின் தோளுக்கும் அடுத்த குடும்பத்தின் தள்ளுவண்டிக்கும் இடையிலுள்ள ஒரு நீள்சதுரம். நான் என் இடத்தை எடுக்கச் சொன்னேன். "வேணாம் புள்ள, நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

ஒருவரை அவர் இருக்கும் இடத்திலிருந்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இஸ்லாம் பாடத்தில் படிக்கிறோம். அதை அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்களோ, ஒருவர் தாமாகவே எழும்பி இடம் கொடுத்தாலும் அங்கே அமர்வதை விரும்பாதவர்களாக இருந்தார்கள். இந்த இரண்டாவது பகுதியை நாங்கள் பரீட்சைக்காக மனனம் செய்கிறோமே தவிர வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. வீட்டுக்குள் எழும்பி இடம் கொடுப்பவர் அனேகமாக ஒரே ஆள். அது இயல்பு என்று ஆகிவிட்டதால், அவர் எழும்புவது யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

இதை வாசிக்கும் பெற்றோர் சிலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். உம்மாமாருக்குச் சவாரிகளில் ஏற விருப்பமில்லை, கால் நோகும், ஓரிடத்தில் இருப்பதுதான் அவர்களுக்கு ஓய்வு என்பார்கள். உண்மையாகவே அப்படி விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். என் உம்மும்மா வந்திருந்தால் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தஸ்பீஹோடு சந்தோசமாகக் கழித்திருப்பார். ஆனால் விருப்பமா என்று கேட்ட பிறகு இருப்பதும், கேட்காமலேயே இருந்துவிடுவதும் ஒன்றல்ல. ஓய்வெடுக்கிறவரின் மடியில் எட்டுப் பைகள் இருக்காது. "இடம் போயிடும், எங்கும் போகாதீங்க" என்று ஓய்வெடுக்கிறவரிடம் யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. பெற்ற தாய் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்டால், விட்டுக்கொடுப்பவரில் தவறே இல்லை. வாங்கிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதே ஆளிடமிருந்து வாங்கிக்கொள்வதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வேறொரு வழியும் இப்போது வந்திருக்கிறது. பணம். டோக்கியோவில் 2022இல் சவாரிகளுக்கு வரிசையில் காத்திருக்காமல் போவதற்கென ஒரு கட்டணமுறை தொடங்கி, பிறகு அது ஊர்வலத்துக்கும் வந்தது. ஒருவருக்கு 2500 யென் கொடுத்தால் அதற்கென ஒதுக்கிய பகுதியில் இடம் நிச்சயம், முன்கூட்டியே போய் இருக்கத் தேவையில்லை. இடம் பிடிப்பவரின் பிரச்சினை இதனால் தீர்ந்துவிடுகிறதே என்று நானா வாதாடினார். தீர்கிறதுதான், பணம் உள்ளவருக்கு. நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்து உள்ளே வந்த பிறகு, வீதியோரத்தில் எல்லோரிடமும் சமமாக இருந்தது நேரம் ஒன்றுதான். முந்தி வந்தவருக்கு முன் இடம் என்பது ஏழைக்கும் பணக்காரருக்கும் பொதுவான கணக்கு. ஒவ்வொரு நல்ல வளைவும் விற்பனைக்குப் போனால் அந்தக் கணக்கு மெல்ல மெல்ல ஓரங்களுக்குத் தள்ளப்படும். கண்டியில் பெரஹரா காலத்தில் ஒரு பக்கம் காசு கொடுத்தவர்களுக்குக் கதிரைகளும் மறுபக்கம் காலையிலிருந்தே நடைபாதையில் பாய் விரித்திருக்கும் குடும்பங்களுமாக இருப்பதை நாங்களும் பார்த்திருக்கிறோம். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு டோக்கியோவில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு நான் முழு ஆதரவு. அது தேவைக்குக் கொடுக்கப்படும் இடம். நிறைய நேரம் நிலத்தில் இருக்க முடியாத வயதானவரோடு வந்த குடும்பம் அந்த 2500 யென்னைக் கொடுப்பதையும் நான் குறை சொல்லமாட்டேன். நல்ல காலில் நிற்கக்கூடிய ஐந்து பேர் கொடுப்பதுதான் எனக்கு மனதுக்குச் சரியாகப் படவில்லை.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை பெய்தால் அந்தப் பெரிய ஊர்வலம் நடக்காது. சில ஊர்திகளை மட்டும் கொண்ட சிறிய ஊர்வலம் ஒன்றை அதற்குப் பதிலாக விடுவார்கள். காற்று பலமாக அடித்தாலும் நிறுத்தப்படலாம். ஒரு மணித்தியாலம் காத்திருந்துவிட்டு விரிப்பை மடித்துக்கொண்டு எழும்ப வேண்டிய இரவுகளும் உண்டு என்று சாச்சி சொன்னார். அப்படிப்பட்ட இரவில் சவாரிகளுக்குப் போனவர்களுக்கு நட்டமில்லை. விரிப்பில் இருந்தவருக்குச் சவாரியும் இல்லை, ஊர்வலமும் இல்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய விடயம் அல்ல. பூங்கா ஒரு மணித்தியாலம் என்று எல்லை போட்டிருக்கிறது. அதை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் யாருடைய காலும் ஒடிந்துவிடாது. நடக்கத் தெரிந்த பிள்ளை தன் பையைத் தானே சுமந்துகொண்டு சவாரிக்குப் போகலாம். ஊர்வலம் வரும்போது முன்னால் இருப்பது யார் என்பதை, அதிக நேரம் இருந்தவர் முதலில் தெரிவு செய்யட்டும். அவர் பின்னால் போகிறேன் என்று சொன்னால், இரண்டாவது தடவையும் கேட்க வேண்டும். எங்கள் உம்மாமார் முதல் தடவை கேட்டதற்கு ஒருபோதும் ஓம் சொல்லமாட்டார்கள். முறை வைத்து இருக்க யாருக்கும் விருப்பமில்லை என்றால் இடமே பிடிக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு முன்னர் எல்லோரும் சேர்ந்து, சனம் குறைந்த தொடக்கத்துக்கோ முடிவுக்கோ போய் நின்று பார்க்கலாம். கோட்டை படத்தில் விழாது. எல்லோரும் விழுவார்கள்.

இதை நான் வீட்டில் மேசையில் வைத்துப் பேசினேன். வாப்பா தன் இருபது நிமிடத்துக்கு உடனே சம்மதித்தார், ஆனால் அந்த நேரத்தில் தூங்க அனுமதி வேண்டுமாம். உம்மா, "இதெல்லாம் ஒரு கதையா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார். சற்று நேரத்தில் திரும்பி வந்து, அந்தப் பேய் மாளிகைக்குள் என்னதான் இருந்தது என்று என் தங்கச்சியிடம் கேட்டார். சாச்சா எங்களை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். என் உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு, இன்ஷா அல்லாஹ். முதல் இருபது நிமிடத்தை நானாவின் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறேன். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.